தங்கை வீட்டில் ஒன்பது நாள்: மொரீசியஸ் நாட்குறிப்பு

முதல் நாள்

மும்பையில் ஏறி ஆறு மணி நேரத்துக்கு மேல் கடல், கடல், கடல். கண் விழித்துப் பார்த்தால் கீழே கரும்புக் காடு. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். தங்கை வாசலில் நின்றிருந்தாள். அவள் கணவருக்கு இங்கே ஒரு துணி ஆலையில் கணக்கு வேலை. பதினோரு வருஷமாக அவர்கள்தான் மன்னார்குடிக்கு வந்து போகிறார்கள். வங்கியில் கேஷ் கவுண்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒன்பது நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை.

வீடு கேட்ர் போர்ன் என்ற ஊரில். கீழ் வீட்டில் இவர்கள், மாடியில் வீட்டுக்காரம்மா. வயது எழுபது இருக்கும். தெருவே அவரை 'தாந்தின்' என்று கூப்பிடுகிறது. இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாம் அந்த ஒரே சொல்தான். நெற்றியில் குங்குமம், காதில் கல் தோடு, உடம்பில் பூப்போட்ட கவுன். நான் கைகூப்பி வணக்கம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நேரே வந்து என் கன்னத்தோடு கன்னம் வைத்து உதட்டால் ஒரு சத்தம், அடுத்த கன்னத்தில் இன்னொரு சத்தம். என் கண்ணாடி அவர் தோட்டில் மாட்டிக்கொண்டது.

அதுகூடப் பரவாயில்லை. எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். அவருக்கும் தங்கைக்கும் அதே இரண்டு கன்னம், அதே இரண்டு சத்தம். தங்கை கணவர் பக்கத்தில் நின்று என் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னக்கா, தலை சுத்துதா?" என்று கேட்டாள்.

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. நான் எதைப் பார்த்து விழிக்கிறேன் என்று அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் காபித் தட்டை நீட்டும்போது கை நடுங்கிக் கொட்டியவள் இவள்தான்.

இரண்டாம் நாள்

சனிக்கிழமை காய்கறிச் சந்தை. இந்த ஊர்ச் சந்தைக்குக் கிழமைக் கணக்கு உண்டு: புதனும் சனியும் காய்கறி, வியாழனும் ஞாயிறும் துணிமணி. தங்கை பையோடு முன்னால் போனாள்.

ஒரு கடையில் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்மணி ஒருவர், சுருள் முடியைத் துணியால் கட்டிக்கொண்டு, "கோத்தோமிலி! கோத்தோமிலி!" என்று கூவிக்கொண்டிருந்தார். எனக்குக் காது தூக்கிவாரிப் போட்டது. கையில் கொத்தமல்லிக் கட்டு. பக்கத்துக் கூடையில் கறிவேப்பிலை. அதற்குப் பெயர் 'கரிபூலே'. முருங்கைக்கீரை 'பிரேத் மூரூம்'. பீர்க்கங்காய் 'பிபங்காய்'. சௌசௌ மட்டும் 'சூசூ'. அது இங்கிருந்து அங்கே வந்ததா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று தங்கையும் நானும் வீடு வரும்வரை வழக்காடினோம்.

அந்தப் பெண்மணியிடம் "கோத்தோமிலி எங்கள் தமிழ்ச் சொல்" என்று தங்கையை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். தங்கைக்கு ஒரே சிரிப்பு. "இல்லை, அது கிரியோல். உன் அக்கா இதற்குள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாளே" என்றாராம்.

காலை டிபன் தெருவிலேயே. தோல்பூரி என்று ஒன்று. வேகவைத்து அரைத்த பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி. உள்ளே மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு, பச்சை மிளகாய்ச் சட்னி. ஒன்று கேட்டால் தர மாட்டார்கள், ஜோடிதான் கணக்கு. காகிதத்தில் சுருட்டிக் கொடுக்கிறார்கள். கோட்டு போட்டவரும் கட்டட வேலைக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சட்டையில் சிந்தாமல் இருக்க ஒரே மாதிரி குனிந்து சாப்பிடுகிறார்கள். என் புடவையில் சிந்திவிட்டது.

சாயங்காலம் தாந்தினோடு பேச்சு. எனக்குக் கிரியோல் வராது, அவருக்குத் தமிழ் வராது, தங்கைதான் நடுவில். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். "மொரீஸ்" என்றார். அதற்கு முன்னால்? "மொரீஸ்." சரி, தாத்தா? "கிராண்ட் போர்ட்." அதுவும் இந்தத் தீவிலேயே தென்கிழக்கில் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் குடும்பப் பெயர் பொறித்திருக்கிறது, பிள்ளை என்று. உடனே எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தங்கை என் காலை மிதித்தாள்.

அப்புறம் விளக்கினாள். கப்பலில் வந்தவர் சொன்ன பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். அப்பனுடைய பெயர் அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயர் ஆனது. ஆறுமுகம், முத்து, வீரப்பன், சுப்பராயன் எல்லாம் இங்கே பெண்களுக்கும் பின்னொட்டு. முன்னால் பிரெஞ்சுப் பெயரும் பின்னால் ஆறுமுகமுமாக ஒரு பெண் டாக்டர் இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளை என்ற பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக இது சாதி தெரியாத சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தேர்தல் வந்தால் எந்தத் தொகுதியில் எந்தச் சமூகம், அதற்குள் எந்தச் சாதி என்று பார்த்துத்தான் சீட்டுக் கொடுப்பார்களாம். தங்கை கணவர் சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள்

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் என் பொட்டையும் புடவையையும் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். ஆங்கிலம் கொஞ்சம் வந்தது.

"நீங்கள் இந்துவா, தமிழா?"

"இரண்டும்தான்" என்றேன்.

அவர் கலகலவென்று சிரித்தார். நான் ஏதோ தமாஷ் செய்கிறேன் என்று நினைத்தார் போல. "இல்லை இல்லை, ஏதாவது ஒன்று சொல்லுங்கள்."

இங்கே தமிழ் என்பது மதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கட்டத்தில் இந்து தனி, தமிழ் தனி, தெலுங்கு தனி, மராத்தி தனி. இந்து என்றால் பேச்சு வழக்கில் பீகார்ப் பக்கத்திலிருந்து வந்து போஜ்புரி பேசியவர்களின் வாரிசுகள். அவர்கள் வீட்டு முற்றத்தில் மூங்கில் கம்பில் சிவப்புக் கொடி பறக்கும், அனுமாருக்கு. தமிழர் வீட்டில் அது இருக்காது. ஆகவே பஸ் அம்மாள் கேட்டது, 'நீங்கள் கிறிஸ்தவரா முஸ்லிமா' என்பதைப் போல ஒரு நேரான கேள்வி. இரண்டும் என்று சொன்ன நான்தான் குழப்பவாதி.

ஆனால் அரசியல் சட்டம் வேறு கதை சொல்கிறது. அதன்படி நாட்டில் நான்கு சமூகங்கள்: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், அப்புறம் இந்த மூன்றிலும் சேராத மீதி எல்லோரும். அந்த மீதிக்குப் பெயர் 'பொது மக்கள்'. தமிழர்கள் அதில் இந்துக் கணக்கில்தான் வருவார்கள். 62 பேரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிறகு, எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்ததோ அதைச் சேர்ந்த, தோற்றவர்களில் நன்றாக ஓட்டு வாங்கியவர்களைக் கூப்பிட்டு எட்டு நாற்காலி வரை கொடுக்கும் முறை இருக்கிறது. அதற்கான தலைக்கணக்கு 1972-இல் எடுத்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கணக்கெடுப்பில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். தோற்றவருக்குப் பதவியா என்று நான் வாயைப் பிளந்தேன். தங்கை மகன், எட்டாம் வகுப்பு படிக்கிறவன், "ஏன் பெரியம்மா, எல்லாரும் உள்ளே இருக்க வேண்டாமா?" என்றான்.

ராத்திரி ரூபாய் நோட்டுகளை மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். தொழில் புத்தி. 25 ரூபாயில் ஒரு சீன வம்சத்தவர். 200 ரூபாயில் ஒரு முஸ்லிம் தலைவர். 1000 ரூபாயில் கிரியோல் சமூகத் தலைவர். 100 ரூபாயில் யார்? ரங்கநாதன் சீனிவாசன், இந்த நாட்டில் கல்வி மந்திரியாக இருந்த தமிழர். நோட்டில் ஆங்கிலம், அதற்கடுத்துத் தமிழ், அப்புறம் இந்தி. தமிழ் எண்ணிலும் தொகை போட்டிருக்கிறது. இருபத்தாறு வருஷம் பணம் எண்ணியவள், தமிழில் போட்ட எண்ணைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் இருந்த ஆங்கில எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நம் ஊர் நோட்டின் பின்பக்கம் பதினைந்து மொழி வரிசையில் தமிழ் மேலிருந்து பதின்மூன்றாவது. ஆங்கில அகரவரிசை அது. அதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இங்கே 1998-இல் புதிய நோட்டு வந்தபோது இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கி அச்சடித்துவிட்டார்கள். தமிழர்கள் கொதித்துப் போனார்கள். பீகார்க் கூலிகள் வருவதற்கு நூறு வருஷம் முன்னாலேயே, பிரெஞ்சுக்காரன் காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் வந்து போர்ட் லூயி நகரத்தைக் கட்டினார்களே, முதலில் வந்தவன் பெயரைக் கீழே போடுவதா என்பது வாதம். கடைசியில் அத்தனை நோட்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். அந்தக் கூட்டங்களில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு நோட்டில் இருந்த தமிழைப் படிக்கத் தெரிந்திருக்கும்? முதலில் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தத் தமிழ் எண் ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

நான்காம் நாள்

புயல். வடகிழக்கே எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது திரும்பிவிட்டதாம். காலையில் எச்சரிக்கை ஒன்று, மத்தியானம் இரண்டு. இங்கே புயலுக்கு நான்கு வகுப்பு. மூன்று வந்தால் பஸ் ஓடாது, கடை இருக்காது. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசியதைக் கருவியில் பார்த்த பிறகுதான் நான்கு. பள்ளிக்கூடம் லீவு என்ற செய்தி வந்ததும் தங்கை மகன் குதித்தான்.

நான் குதிக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் மன்னார்குடி வீட்டில் இருந்தேன். கொல்லையில் நாற்பது வருஷத் தென்னை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. புயல் என்றால் எனக்கு வயிறு கலங்கும். இங்கே தங்கை பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்பினாள்: ரொட்டி, மெழுகுவர்த்தி, மீன் டின், பேட்டரி. மீன் டின்னைத் திரும்ப வைத்துவிட்டாள். காவடி விரதம், வீட்டில் பத்து நாளைக்குக் கவுச்சி கிடையாது. அதற்குப் பதில் பட்டாணி டின்.

கடையில் வரிசை தெருவரை. யாரும் முண்டவில்லை, யாரும் பதறவில்லை. பக்கத்து வரிசையில் ஒருவர் ரம் பாட்டில் இரண்டு, ரொட்டி ஆறு என்று பில் போட்டுக்கொண்டிருந்தார். புயல் விருந்துக்குத் தயார்.

தாந்தின் மாடியில் சன்னல்களை அடைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டார். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்தபோது அவர் சின்னப் பெண். மரப்பலகைச் சுவர், தகரக் கூரை. காற்று கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மேலே படுத்துக்கொண்டாளாம். அதற்குப் பிறகுதான் இந்தத் தீவு முழுக்கக் கான்கிரீட் மயமானது. இந்த ஊர் வீடுகள் எல்லாம் பெட்டி பெட்டியாக, தட்டையாக, அழகே இல்லாமல் இருக்கின்றனவே என்று வந்த நாளிலிருந்து நான் மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள்

மழை. காற்று. எச்சரிக்கை மூன்றுக்குப் போகாமலே புயல் கிழக்கே விலகிவிட்டது. நாள் முழுக்கச் சீட்டு விளையாடினோம். கரண்ட் ஒரே ஒரு தடவை போய் இருபது நிமிஷத்தில் வந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். தங்கை மகனுக்கும் அதே ஏமாற்றம், வேறு காரணத்துக்காக.

ஆறாம் நாள்

மெட்ரோ ரயிலில் போர்ட் லூயி. ஆப்ரவாசி காட் பார்த்தோம். 1834-இல் தொடங்கி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இறங்கிய துறை. நான்கரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள். கருங்கல் படிகள். அதைப் பற்றி எல்லோரும் உருகி உருகி எழுதிவிட்டார்கள். எனக்கு வெயில் தாங்கவில்லை, படி வழுக்கியது, பக்கத்தில் நாலுவழிச் சாலை இரைந்தது. உருகவில்லை. அவ்வளவுதான்.

உருகியது வேறிடத்தில். தாந்தின் எங்களைச் சேன்ட் குருவாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பக்கம் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில். அதே பகுதியில் பேர் லவால் பாதிரியாரின் கல்லறை. விடுதலை பெற்ற அடிமைகள் மத்தியில் வேலை செய்து 1864-இல் இறந்தவர். 1979-இல் ரோமாபுரி அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தது. கல்லறையில் அவர் உருவம் படுத்திருக்கிறது. சனங்கள் கண்ணாடியைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். தலையில் முக்காடு போட்ட முஸ்லிம் பெண், நெற்றியில் செந்தூரம் வைத்த பீகார் வம்சத்துக் கிழவர், சீனர் ஒருவர், எல்லோருக்கும் முன்னால் விபூதியும் மஞ்சள் கயிறுமாக எங்கள் தாந்தின். கழுத்தில் காவடி விரத மாலை. கையில் பூவும் மெழுகுவர்த்தியும்.

"விரதத்தில் இங்கே வரலாமா? முருகன் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டேன்.

தங்கை மொழிபெயர்த்தாள். தாந்தின் உண்மையான கவலையோடு என்னைப் பார்த்தார்.

"ஏன், அவர்கள் இருவருக்கும் சண்டையா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது தங்கை தமிழில், சத்தம் குறைத்து, "அக்கா, எனக்கு டைபாய்டு வந்தப்ப அம்மா எங்க நேர்ந்துக்கிட்டா?" என்றாள்.

நாகூர் தர்காவில். தேறியதும் வேளாங்கண்ணிக்கும் போய் இவளுக்கு மொட்டை போட்டோம். வழியில் சிக்கலில் சிங்காரவேலரையும் பார்த்துவிட்டு, ஒரே நாளில், ஒரே வாடகைக் காரில், கட்டுச்சோற்றோடு. காரில் முன் சீட்டில் உட்கார அன்றைக்கு நான்தான் அடம் பிடித்தேன். முப்பத்தைந்து வருஷம் இருக்கும். இத்தனை நாளும் அது ஞாபகத்தில் இருந்ததே தவிர, அதில் வியக்க ஏதாவது இருந்தது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி நானும் ஏற்றினேன்.

ஏழாம் நாள்

ஃப்ளிக்-அன்-ஃப்ளாக் கடற்கரை. வெள்ளைக்காரர்கள் அரை நிர்வாணமாக வெயில் காய்கிறார்கள், அவர்களுக்குப் பத்தடி தள்ளி சவுக்கு நிழலில் ஒரு குடும்பம் பிரியாணி அண்டாவைத் திறக்கிறது, பாட்டி நாற்காலியில். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. நான் ஒருத்திதான் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடிதாரோடு முழங்கால் வரை கடலில் இறங்கினேன். இவ்வளவுதான் இன்றைக்கு. முதுகு வலி.

எட்டாம் நாள்

தைப்பூசம். நாட்டுக்கே அரசு விடுமுறை. இங்கே அதன் பெயர் 'காவதீ'.

விடியற்காலை நான்கு மணிக்குத் தங்கை தலை குளித்துவிட்டு மஜந்தா நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அதுதான் இந்த ஊரில் காவடி நிறம். கண்ணைப் பறிக்கிற ரோஜா. கொடியேற்றியதிலிருந்து பத்து நாள் பாயில் படுத்தாள், பிள்ளைக்குக்கூட முட்டை பொரிக்கவில்லை. மன்னார்குடியில் இருந்தபோது அம்மா கெஞ்சினாலும் கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவள். "நீ எப்படி?" என்று கேட்டேன். "அங்க நான் சும்மாவே தமிழ்தானே அக்கா. இங்க ஏதாவது செஞ்சாத்தான்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். பின்னல் போடச் சொல்லித் திரும்பி உட்கார்ந்தாள்.

கோர் தெ கார்த் மலை ஊருக்குப் பக்கத்திலேயே சுவர் மாதிரி நிற்கிறது. அதன் சரிவில் முருகன் கோயில். ஊர்வலம் புறப்படும் இடத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். காவடிகளைப் பார்த்தேன். நம் ஊர்க் காவடி மாதிரி அரை வளையம் இல்லை. மர வளைவின் மேல் தென்னங்குருத்து, பெரணி, பூ, மயில்தோகை என்று ஒவ்வொன்றும் சின்னத் தேர். பால் செம்பை வாழை இலையால் மூடி வாயைக் கட்டுகிறார்கள். அந்தச் செம்புக்கு இங்கே 'சாம்போ' என்று பெயர். மலை ஏறி அபிஷேகத்துக்குக் கொடுக்கும்வரை பால் திரியக் கூடாது.

முதுகு முழுக்க ஊசி குத்தி ஒவ்வொன்றிலும் எலுமிச்சம்பழம் தொங்கவிட்டிருந்த இளைஞர் ஒருவர், ஆணிச் செருப்பில் நடந்தார். இன்னொருவர் நாக்கில் வேல். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை நாள் இருந்தாலும் பிடிக்காது என்றே நினைக்கிறேன். அலகு குத்தியவர்களில் ஒருவர் ஆப்பிரிக்க வம்சத்தவர். அவருடைய அம்மா சிலுவைச் சங்கிலி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே தண்ணீர் பாட்டிலோடு நடந்தார். மகனுக்கு விபத்தில் கால் பிழைத்ததாம், நேர்த்திக்கடன். என்னைத் தவிர யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தாந்தின் பாடிக்கொண்டே நடந்தார். கையில் பழைய நோட்டு. முருகன் பாட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக, ராகம் பிசகாமல், மூச்சு வாங்காமல். எட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தமிழில்லை. எல்லாம் ஆங்கில எழுத்து, அதுவும் பிரெஞ்சு உச்சரிப்புக் கணக்கில் எழுதியது. ஒரு வரியைக் காட்டி என்ன அர்த்தம் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். எனக்கு அர்த்தம் தெரியும். இரண்டாவது வரி தெரியாது. அவர் பாட, நான் அர்த்தத்தைத் தங்கைக்குச் சொல்ல, தங்கை அவருக்குக் கிரியோலில் சொல்ல, படிக்கட்டு முடியும்வரை இப்படியே போனோம். ஓர் இடத்தில் அர்த்தம் கேட்டதும் அவர் நின்றுவிட்டார். "இத்தனை வருஷமாக இதையா கேட்டுக்கொண்டிருந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வரியில் கேட்டிருந்தது இனிப் பிறவாத வரம்.

தங்கையின் பால் திரியவில்லை.

கீழே வந்ததும் சாப்பாடு. வாழை இலையில் ஏழு கறி. வாழைக்காய், பலாக்காய், பூசணிக்காய், கீரை, ரசம் (இங்கே 'ரசோன்'), அப்பளம், பாயசம். யார் வந்தாலும் போடுகிறார்கள். எனக்குப் பரிமாறிய பையன் தமிழில் "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவாம்மா?" என்றான். சுத்தமான புதுக்கோட்டைத் தமிழ். கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல் வேலை, வந்து ஒரு வருஷம், ஆலங்குடிக்காரன். எட்டு நாளாக வெளியில் தமிழ் கேட்காத காது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆலங்குடியில எந்தத் தெரு?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. பையனின் கரண்டி ஒரு நொடி நின்றது. "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலம்மா" என்றான், அடுத்த இலைக்கு நகர்ந்தான். இந்த முறை தங்கை காலை மிதிக்கவில்லை. தலையைக் குனிந்து பாயசத்தைச் சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள்

சாயங்காலம் விமானம். காலையிலேயே பெட்டி கட்டியாகிவிட்டது: மூன்று பொட்டலம் வெனிலாத் தேயிலை, தங்கை மகன் வரைந்த ஒரு டோடோ பறவை, தாந்தின் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். 100 ரூபாய் நோட்டு ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொண்டேன். கிளையில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அந்தத் தமிழ் எண்ணை எத்தனை பேர் படிக்கிறார்கள் பார்ப்போம்.

மத்தியானம் தாந்தின் அந்தப் பாட்டு நோட்டோடு கீழே வந்தார். நேற்றுப் படிக்கட்டில் இறங்கும்போது, எங்கள் அம்மா தங்கைக்குப் பாடிய தாலாட்டை நான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேனாம். அது வேண்டும், பேத்திக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, எழுதிக் கொடு என்றார். கடைசிப் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினார்.

எழுதினேன். தமிழில், கூடியவரை அழகாக. அவர் மரியாதையாகப் பார்த்தார், எழுத்தை விரலால் தடவினார். அப்புறம் தங்கையிடம் ஏதோ சொன்னார்.

"நம்ம எழுத்துல எழுதச் சொல்றாங்க" என்றாள் தங்கை.

"இதுதானே நம்ம..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டு கீழே ஆங்கில எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். கண்ணுறங்கு. எங்கள் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு தவிர வேறெதற்கும் தமிழை நான் இப்படி எழுதியதில்லை. தாந்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'கண்ணியுறங்கியூ' என்று வந்தது. குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடி அதே இயூ.

தங்கை மகன்தான் சோபாவில் படுத்தபடியே சொன்னான்: "பெரியம்மா, யூ தனியா போட்டா அவங்களுக்கு அப்படித்தான் வரும். முன்னாடி ஒரு ஓ போடுங்க."

இரண்டு இடத்திலும் அடித்துத் திருத்தி ஓ சேர்த்தேன். என் கண்ணுக்கு அது வேறு ஏதோ நாட்டுச் சொல் மாதிரி இருந்தது. தாந்தின் வாசித்தார். கண்ணுறங்கு. அம்மா சொல்கிற மாதிரியே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கி.

அடுத்த வரியில் யாரும் சொல்லாமலே ஓ போட்டு எழுதிக்கொண்டு போனேன். வெளியே தங்கை கணவர் ஹாரன் அடித்தார். இன்னும் நான்கு வரி பாக்கி இருந்தது.